இன்றிரவு எங்கே உண்பது?



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், மாணவர்களிடம் எத்தனையோ கடினமான வினாக்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால், "இன்றிரவு எங்கே உண்பது?" என்ற மிக எளிய வினாவுக்கு விடை காணத் தெரியாமல், மூன்று மாலைப் பொழுதுகள் தொடர்ந்து தவறினேன். அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மெக்சிகோ நாட்டின் கிழக்கு ஓரத்தில், கரீபியக் கடலை நோக்கி நீண்டு கிடக்கிறது யுகதான் தீபகற்பம். அதன் கரையில் உள்ளது கான்கூன் நகரம். இது பழமையான நகரமன்று. சுற்றுலாவுக்கென்றே அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கியது. அங்கே முதல் விடுதிகள் திறக்கப்பட்டது 1974இல்தான். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, கனடாவில் பணிபுரியும் எங்கள் மகள், என்னையும் என் துணைவியாரையும் அக்கடற்கரையிலுள்ள ஒரு விடுதிக்கு ஒரு வாரம் அனுப்பிவைத்தாள்.

அவ்விடுதி இருவகையில் புதுமையானது. முதலாவது, பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அங்கே இடம் உண்டு. குழந்தைகளின் ஆரவாரமின்றி ஓய்வெடுக்க விரும்புவோருக்காக அமைந்தது அது. இரண்டாவது, தங்குமிடம், உணவு, பானம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து முன்னரே ஒரே கட்டணம் செலுத்திவிட வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதன்பின் பணப்பையைத் தொட வேண்டியதே இல்லை. இந்த ஒரே கட்டண முறை அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் உரியதன்று. 1950ஆம் ஆண்டில் ழெரார் பிளிட்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர், ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்காத் தீவில் கூடாரங்கள் அமைத்து நடத்திய விடுமுறைச் சிற்றூர் இம்முறைக்குப் புகழ்பெற்ற தொடக்கங்களுள் ஒன்று.

எங்கள் விடுதியில் உணவுச்சாலைகள் ஏழு இருந்தன. ஒன்று, வேண்டியதை நாமே எடுத்து உண்ணும் பெருங்கூடம். மற்றவை, மேசையில் அமர்ந்தபின் பரிமாறும் சாலைகள்: இத்தாலியம், பிரெஞ்சு, ஜப்பானியம், பெரிய இறைச்சித் துண்டங்களைச் சுட்டுத் தரும் சாலை, மீன் உணவுச்சாலை, அவற்றோடு தோட்டத்தின் கோடியில் யுகதான் நாட்டு உணவு தரும் ஒரு சிறு சாலை. பெருங்கூடம் எவ்வளவு பேரையும் தாங்கும். மற்றவற்றில் இருக்கைகள் குறைவு. ஆகவே முன்பதிவு செய்யவேண்டும், அல்லது வரிசையில் காத்திருக்கவேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளியில் செய்து பழகியதையே செய்தேன். ஒரு தாளை எடுத்து, கால அட்டவணை போட்டேன்! மகளின் உழைப்பால் வந்த பணம் வீணாகலாகாது. எனவே வெளியே எவ்வுணவு அதிக விலை பெறுமோ, அதையே முதலில் உண்ணவேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குப் பெருமிதமும் இருந்தது.

முதல் மாலை பெருங்கூடத்தில் எல்லாவற்றிலும் சிறிது எடுத்தேன். அந்தச் சிறிது பலவாகி, தட்டு நிறைந்து, பாதி வீணாயிற்று. இரண்டாம் மாலை ஜப்பானியச் சாலையின் வாயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். மூன்றாம் மாலை, சுட்ட இறைச்சிக்குப் பேர்போன சாலை. நான் மீனும் இறைச்சியும் உண்பவன். என் துணைவியாரோ பத்தாண்டுகளாகப் புலால் உண்பதில்லை; முட்டையும் தொடுவதில்லை. "இங்கேயும் காய்கறி கிடைக்குமே" என்று நான் எண்ணிக்கொண்டேன். கிடைத்தது. அவித்த உருளைக்கிழங்கு ஒன்றும் சிறிது கீரையும்! மூன்றாம் நாள் இரவு, ஊரிலிருந்து கொண்டுவந்த அவலை அவர் அறையில் அமர்ந்து நனைத்து உண்பதைக் கண்டபோதுதான், மூன்று நாள்களாக அவர் அரைவயிறாக இருந்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

மாணவர்களே, என் கணக்கில் பிழை எங்கே? பொருளாதார நூலார் இதற்கு "மூழ்கிய செலவு" என்று பெயரிட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்ட பணம் மீண்டும் வாராது. நான் மிகுதியாக உண்டாலும் வாராது, உண்ணாமல் எழுந்தாலும் வாராது. ஆகவே, அடுத்து என்ன செய்வது என்ற முடிவில் அதற்கு இடமே இருத்தலாகாது. ஆயினும் மனித மனம் அவ்வாறு இயங்குவதில்லை. ஆர்க்ஸ், புளூமர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தோரில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் சீட்டு கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் பருவத்தின் முற்பாதியில், முழு விலை கொடுத்தவர்களே மிகுதியான நாடகங்களுக்கு வந்தார்கள். அவர்களை இழுத்துவந்ததில் கொடுத்த பணத்துக்கும் பங்கு உண்டு. என்னையும் அந்தப் பணமே இழுத்துச் சென்றது. அதுவும் என் மகளின் பணம்.

இன்னொரு பிழையும் உண்டு. இருப்பவற்றுள் மிகச் சிறந்ததையே பெற்றாகவேண்டும் என்று முனைந்தேன். ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர், 1978இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். மனிதனின் அறிவும் காலமும் எல்லைக்குட்பட்டவை. எல்லாவற்றையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேடுவது இயலாது. நமக்கு இன்றியமையாத தேவைகளை முதலில் வரையறுத்துக்கொண்டு, அவற்றை நிறைவு செய்யும் ஒன்று எதிர்ப்பட்டால் அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று அவர் விளக்கினார். நானோ தேவையை வரையறுக்கவே இல்லை. விலையை மட்டும் வரையறுத்தேன்.

நான்காம் நாள் மாலை அட்டவணையைக் கிழித்துவிட்டு, "நீ சொல், இன்று எங்கே உண்போம்?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பது ஆண்டுகளாக நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். என்னை யாரும் கேட்டதில்லை. அதனால் எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை" என்றார். அந்தச் சொற்களில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சற்று நேரம் கழித்து, "இந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டில் என்ன உண்பார்கள்? அதைப் பார்ப்போமே" என்றார். தோட்டத்தின் கோடியில் இருந்த சிறு சாலைக்குச் சென்றோம். அங்கே வரிசை இல்லை. பரிமாறிய இளைஞர் மாயா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். என் துணைவியார் எவற்றை உண்ணமாட்டார் என்று கேட்டறிந்து, மக்காச்சோள அடையும், கருநிற அவரையும், "சிகில் பாக்" என்னும் ஒரு தொடுகறியும் கொண்டுவந்தார். மாயா மொழியில் சிகில் என்றால் பூசணி விதை. பாக் என்றால் தக்காளி. வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் மிளகாயோடு அரைத்தது அது. ஒரு வாய் உண்ட என் துணைவியார், "இது நம் துவையல் அல்லவா!" என்றார்.

அவர் வியந்தது பொருத்தமே. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது; அதற்கு முன் நம் அடுக்களையில் காரம் தந்தது மிளகுதான். அந்த அடையிலும் ஒரு பாடம் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டே அம்மக்கள் அரைக்கிறார்கள். அதனால் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் சத்து உடலுக்குப் பயன்படும் நிலையை அடைகிறது. இம்முறையைக் கற்காமல் சோளத்தை மட்டும் எடுத்துச்சென்று அதையே நம்பி வாழ்ந்த பிறநாட்டு ஏழை மக்கள், பெலாக்ரா என்னும் கொடிய நோய்க்கு ஆளானார்கள்.

எஞ்சிய மாலைகளிலும் அங்கேயே உண்டோம். விலை உயர்ந்த சாலைகள் இரண்டை நான் பார்க்கவே இல்லை. மகளிடம் அதைச் சொன்னபோது, "அம்மா வயிறார உண்டார்களா?" என்று மட்டுமே கேட்டாள்.

மாணவ நேயர்களே, நாளை நீங்கள் கல்லூரியையும் தொழிலையும் வாழ்க்கைத் துணையையும் தேர்ந்தெடுப்பீர்கள். செலவிட்டுவிட்ட பணத்துக்காகவும் ஆண்டுக்காகவும் பொருந்தாத ஒன்றைப் பற்றிக்கொண்டிராதீர்கள். உங்களோடு வருபவருக்கு எது வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், கேளுங்கள். இதைத் தொடங்க மெக்சிகோவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இன்றிரவு உணவுக்கு அமருமுன், உங்கள் தாயாரிடம், "அம்மா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை உடனே வராவிட்டால், பொறுத்திருங்கள்.