நித்திய ஒளி



கடந்த மாதம் இங்கே ஜேர்மனியில், எங்கள் நகரத்துத் தேவாலயத்தில் நடந்த பாடகர் குழு நிகழ்ச்சிக்கு மகளுடன் போயிருந்தேன். அங்கே கேட்ட ஒரு பாட்டைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

'லக்ஸ் எதர்னா' என்பது அதன் பெயர். இலத்தீனில் 'நித்திய ஒளி' என்று பொருள். ஜோர்ஜ் லிகெற்றி என்பவர் 1966இல் ஸ்ருட்காட் பாடகர் குழுவொன்றுக்காக எழுதியது. வாத்தியம் கிடையாது, 16 குரல்கள் மட்டுமே.

பெண்குரல்கள் ஒரே சுரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. யார் எப்போது சேர்ந்தார் என்று பிடிக்க முடியாது. பல்லவி இல்லை, தாளமும் காதில் விழாது. ஒரே மெட்டை ஆளுக்கொரு வேகத்தில் பாடுவதால், குரல்கள் பனிமூட்டம் போலக் கலந்து மெல்ல மெல்ல மாறுகின்றன. "இது பாட்டா அம்மா?" என்று மகள் காதுக்குள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சொற்கள் கத்தோலிக்கரின் மரணப் பூசையில் வருபவை. இறந்தோருக்கு அணையாத ஒளி வேண்டுபவை. எழுதியவரோ 1923இல் திரான்சில்வேனியாவில், ஹங்கேரிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனும் தம்பியும் நாசி முகாம்களில் இறந்தார்கள். தாய் அவுஷ்விற்ஸிலிருந்து உயிர் தப்பினார். 1956இல் ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபின், லிகெற்றி முன்னாள் மனைவியுடன் எல்லை கடந்து ஒஸ்ரியாவுக்குத் தப்பி வந்தார். 2006இல் வியன்னாவில் காலமானார். அவரும் எங்களைப்போல ஓர் அகதி.

எங்கள் ஒப்பாரியில் ஒரு குரல் முன்னே நின்று, போனவரின் பெயர் சொல்லி அழும். இங்கே முன்னே நிற்க யாருமில்லை. எவர் பெயரும் இல்லை. ஆனால் திதி தெரியாத, உடலும் கிடைக்காத உறவுகள் எங்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி முடிக்க முடியாத இடத்தில், இப்படிப் பல குரல் சேர்ந்த ஓசைதான் பொருந்துமோ என்று எனக்குத் தோன்றியது.

விளங்கவில்லையே என்று ஒதுங்காதீர்கள். ஏறக்குறைய ஒன்பது நிமிடம்தான். ராகம் தேடாமல், ஓசை எங்கே அடர்கிறது, எங்கே மெலிகிறது என்று மட்டும் கவனியுங்கள். இங்கே வளரும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டின் கடைசி ஏழு தாள அலகுகளை லிகெற்றி மௌனமாகவே எழுதியிருக்கிறார். குரல் நின்றதும் கைதட்டிவிடாதீர்கள்; அந்த மௌனமும் பாட்டுத்தான். உங்கள் வீட்டுப் பெயர்களை நினைத்துக்கொள்ள அது போதும்.