எதிராளியின் உடலைக் காக்கும் கலை: மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது, யார் தோற்பது என்பது ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு செய்யப்பட்டுவிடும். இந்த உண்மை ஊரறிந்ததாகிவிட்ட பிறகு, அதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் முடிவு முன்னரே தெரிந்திருப்பதனால் மட்டும் ஒரு நிகழ்த்துகலை பொய்யாகிவிடாது. தெருக்கூத்தில் துச்சாதனன் திரௌபதியின் சேலையைப் பற்றும்போது, கதையின் முடிவைச் சிறுவயது முதலே அறிந்த கூட்டம் கொதித்தெழுகிறது என்றால், அங்கே அவர்களை ஆட்டிவைப்பது நிகழ்த்துபவரின் திறமையே. மல்யுத்த மேடையில் அத்திறமையோடு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒருவரை மெய்யாகவே தூக்கி மெய்யாகவே கீழே போட வேண்டும். விழுபவருக்கு எலும்பு முறியக் கூடாது. ஆயினும் முறிந்துவிட்டதோ என்று அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவரும் பதற வேண்டும். தூக்கப்படுபவர் தம் கழுத்தையும் முதுகெலும்பையும் எதிராளியின் கையில் ஒப்படைக்கிறார். தூக்குபவர் அவற்றைச் சேதமின்றித் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். இக்கலையின் அடித்தளம் இந்த ஒப்படைப்புதான்.

இந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடும்போது, கனடா நாட்டு வீரர் பிரெட் ஹார்ட்டின் பெயர் முதல் வரிசையில் வந்து நிற்கிறது. இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த உடை, நீரில் நனைந்த நீண்ட முடி, மேடையேறுமுன் தம் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசையில் இருக்கும் குழந்தை ஒன்றுக்கு அணிவிக்கும் பழக்கம் ஆகியவற்றால் அவரை அடையாளம் கண்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 1990களில் பள்ளிச் சிறுவர்கள் கைமாற்றி விளையாடிய மல்யுத்தச் சீட்டுகளில் அவர் முகமும் இருந்தது. ஆனால் தம் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் தமது பட்டங்களை விடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேறொன்று: தம்மோடு மோதிய எவரும் தம் கையால் பலத்த காயமடைந்ததில்லை என்பதே அது.

1957 ஜூலை 2 அன்று ஆல்பர்ட்டா மாகாணத்தின் கேல்கரி நகரில், ஸ்டூ ஹார்ட், ஹெலன் தம்பதியின் பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டாமவராக பிரெட் பிறந்தார். தந்தை ஸ்டூ மல்யுத்த வீரராக இருந்து, பின் ஸ்டாம்பீட் மல்யுத்தம் என்ற வட்டார நிறுவனத்தை நடத்தியவர். வீட்டின் நிலவறையையே பயிற்சிக்கூடமாக்கி, அங்கே வந்த இளைஞர்களை மெய்யான பிடிகளில் சிக்கவைத்து, அலறும் வரை விடாமல் முறுக்கியவர். எட்டு மகன்களும் ஏதோ ஒரு வகையில் இத்தொழிலுக்குள் வந்தார்கள். நான்கு மகள்களும் மல்யுத்த வீரர்களையே மணந்தார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் போட்டி மல்யுத்தம் பயின்று பட்டங்களும் வென்ற பிரெட், மெய்யான பிடி எப்படி வலிக்கும் என்பதை உடம்பால் அறிந்துகொண்ட பிறகே பொய்ப் பிடியை மெய்போலக் காட்டக் கற்றார். அவர் ஆட்டத்தில் வீண் அசைவு இல்லாமற்போனதற்கு இந்த வரிசைமுறை முக்கியமான காரணம்.

1984இல் தந்தையின் நிறுவனத்தை அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் வாங்கியபோது பிரெட்டும் அங்கே சென்றார். உடல் பெருத்த அரக்க உருவங்களை நம்பி நடந்துவந்த அந்நிறுவனத்தில், நடுத்தர உடற்கட்டும் அமைதியான பேச்சும் கொண்ட அவருக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. தம் சகோதரியின் கணவரான ஜிம் நைட்ஹார்ட்டுடன் இணைந்து, இருவர் இருவராக மாறி மாறி மோதும் டேக் டீம் ஆட்டங்களில் பல ஆண்டுகள் உழைத்து, இரண்டு முறை அப்பிரிவின் பட்டம் பெற்றார். தனி வீரராக அவர் பெயர் நிலைத்தது 1991 ஆகஸ்டில், மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் கர்ட் ஹெனிக்கை வென்று இன்டர்காண்டினென்டல் பட்டம் பெற்றபோதுதான். அன்று ஹெனிக்கின் முதுகில் கடுமையான காயம் இருந்தது. அந்த ஆட்டத்திற்குப் பின் அவர் நீண்ட காலம் மோத முடியாமல் ஒதுங்க நேர்ந்தது. அப்படிப்பட்டவரை மேலும் காயப்படுத்தாமல், அதே நேரத்தில் அவர் காயத்தைக் கூட்டம் உணராதபடி, விறுவிறுப்பான ஆட்டமொன்றைக் கட்டியெழுப்பியது இரு வீரர்களின் சாதனை. அதன் முடிவு சிறப்பாக அமைந்தது: மல்லாந்து கிடந்த பிரெட்டின் மீது ஹெனிக் கால் வீசிப் பாய, அந்தக் காலையே பற்றிக்கொண்ட பிரெட், கிடந்த நிலையிலேயே தம் கால்களைப் பின்னி எழுந்து ஷார்ப்ஷூட்டர் பிடிக்குள் அவரைத் திருப்பினார். எதிராளியின் இரு கால்களையும் தம் காலைச் சுற்றிப் பின்னி, அவரைக் குப்புறத் திருப்பி, முதுகு வளையும்படி மேலே அமரும் பிடியே ஷார்ப்ஷூட்டர் எனப்படும். ஜப்பானிய வீரர் ரிக்கி சோஷுவால் முன்பே புகழ்பெற்றிருந்த அப்பிடி, பிரெட்டின் கையில் அவரது முத்திரையாயிற்று.

அடுத்த ஆண்டு லண்டன் வெம்பிளி மைதானத்தில் சுமார் 80,000 பேர் முன்னிலையில், இன்னொரு சகோதரியின் கணவரான டேவி பாய் ஸ்மித்திடம் அவர் தோற்ற ஆட்டம், தோற்பதும் ஒரு கலை என்பதற்கு நல்ல சான்று. மோதல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே டேவி திட்டமிட்ட அசைவுகளை மறந்துவிட்டதாகவும், ஒவ்வொன்றையும் காதோடு காதாகச் சொல்லி ஆட்டத்தை நடத்தியதாகவும் பிரெட் பின்னாளில் எழுதினார். எதிராளி தந்த அடியின் வலியை உடம்பாலும் முகத்தாலும் மெய்யெனக் காட்டுவதை இத்தொழிலில் ‘செல்லிங்’ என்பார்கள். அதில் பிரெட்டுக்கு இணையானவர் அரிது. மேடை மூலையின் கம்பத்தில் மார்பு மோத, அங்கிருந்து மரம் சாய்வதுபோல அவர் பின்னால் விழும் விழுகை அன்றைய ரசிகர்களுக்கு நன்கு பழக்கமானது. அடித்தவரின் பலத்தை அடிபட்டவர்தான் கூட்டத்திற்கு அறிவிக்கிறார் என்பதை அவ்விழுகை காட்டியது.

ஊக்கமருந்து விசாரணைகளின் நிழல் விழுந்திருந்த அந்நாட்களில், செயற்கையாகப் பெருத்த உடல்களை முன்னிறுத்துவது நிறுவனத்திற்குச் சங்கடமாகியிருந்தது. இச்சூழலில், 1992 அக்டோபர் 12 அன்று கனடாவின் சஸ்கட்டூன் நகரில், நேரடி ஒளிபரப்பு இல்லாத ஒரு நிகழ்ச்சியில், ரிக் ஃபிளேரை வென்று பிரெட் முதன்முறையாகத் தலைமைப் பட்டம் பெற்றார். அது நிலைக்கவில்லை. 1993 ஏப்ரலில் யோகோசூனாவிடம் பட்டத்தை இழந்த சில நிமிடங்களிலேயே ஹல்க் ஹோகன் மேடையேறி அதைக் கைப்பற்றிக்கொண்டார். உழைத்தவர் ஒருவர், ஒளி விழுந்தது வேறொருவர் மீது. ஓராண்டு கழித்து, 1994 மார்ச் 20 அன்று, தம்பி ஓவனிடம் முதல் ஆட்டத்தில் தோற்று, அதே இரவின் இறுதி ஆட்டத்தில் யோகோசூனாவை வென்று பட்டத்தை மீட்டார். அண்ணன் நிழலில் வாழ்ந்து சலித்த தம்பியின் பொறாமையை இருவரும் எழுப்பிக்காட்டிய அந்த முதல் ஆட்டம், குடும்பக் கதையை உடலசைவுகளாலேயே சொல்லிய அரிய படைப்பு.

1996இல் ஷான் மைக்கேல்ஸுடன் ஒரு மணி நேரத்திற்கும் மேல் மோதிய ஆட்டத்தைப் பலர் அவரது உச்சமாகச் சொல்வார்கள். உடலுறுதிக்கு அது சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுபது நிமிடமும் ஒரு புள்ளிகூட விழாமல் நீண்ட அதில் இடையிடையே தொய்வு இருப்பதை மறுக்க முடியாது. உச்சம் என்ற சொல்லுக்கு உரியது 1997 மார்ச் 23 அன்று சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்டில் ஸ்டீவ் ஆஸ்டினுடன் நடந்த ஆட்டம். மல்யுத்த மேடையில் கூட்டத்தின் அன்புக்குரிய நாயகனை ‘ஃபேஸ்’ என்றும், வெறுப்புக்குரிய வில்லனை ‘ஹீல்’ என்றும் அழைப்பார்கள். நாயகன் வில்லனாவது எப்போதாவது நடக்கும், ஆனால் ஒரே ஆட்டத்திற்குள் நாயகன் வில்லனாகவும் வில்லன் நாயகனாகவும் ஒருசேர மாறுவது மிக அரிது. அன்று அது நடந்தது. முகமெல்லாம் ரத்தம் வழிய ஷார்ப்ஷூட்டர் பிடிக்குள் கிடந்த ஆஸ்டின், தோல்வியை ஒப்புக்கொள்ளும் சொல்லைச் சொல்லாமலே மயங்கிச் சாய்ந்தார். வென்ற பிறகும் மயங்கியவரைத் தாக்கிய பிரெட்டைக் கூட்டம் வெறுக்கத் தொடங்கியது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அத்தொழிலைத் தாங்கிய மாபெரும் நட்சத்திரமாக ஆஸ்டின் எழுந்தது அந்த இரவிலிருந்துதான். தம் நற்பெயரைத் தாமே கழற்றி இன்னொருவருக்கு அணிவித்த அந்தச் செயலில் கலைஞனின் தாராளம் முழுமையாக வெளிப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில் வீழ்ச்சி தொடங்கியது. முந்தைய ஆண்டு அவருடன் இருபதாண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத் தலைவர் வின்ஸ் மெக்மஹோன், பணநெருக்கடியால் அதை நிறைவேற்ற இயலாது என்று சொல்லி, போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுடன் பேசிக்கொள்ளுமாறு கூறினார். அப்போது பட்டம் பிரெட்டிடம் இருந்தது. விலகிச் செல்பவர் பட்டத்தைத் தோற்றுவிட்டுச் செல்வது தொழில் மரபு. ஆனால் தாய்நாட்டு மண்ணில், தம்மிடம் மரியாதை காட்டாத மைக்கேல்ஸிடம் தோற்க பிரெட் மறுத்தார். அவர் மறுப்பில் தன்முனைப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாம் ஏற்ற வேடத்தைத் தாமே மெய்யென நம்பத் தொடங்கிய கலைஞனின் பிடிவாதமும் அதில் இருந்தது. எனினும் ஒப்பந்தம் அவருக்கு அந்த உரிமையை அளித்திருந்தது. ஆட்டம் குழப்பத்தில் முடியும், பட்டத்தை மறுநாள் அவர் தாமாகவே ஒப்படைப்பார் என்று மெக்மஹோனும் ஒப்புக்கொண்டிருந்தார். 1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில், நடுவர் ஏர்ல் ஹெப்னரையும் மைக்கேல்ஸையும் உடந்தையாக்கிக்கொண்ட மெக்மஹோன், பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரில் அவர் சிக்கியிருந்த கணத்தில், அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மணியை அடிக்கச் செய்தார். திகைத்து நின்ற பிரெட் மெக்மஹோனின் முகத்தில் உமிழ்ந்தார். பின்னர் உடைமாற்றும் அறையில் அவரைக் குத்தி வீழ்த்தினார். ஆவணப்பட இயக்குநர் பால் ஜேயின் குழு அந்நாட்களில் பிரெட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்ததால், அவரும் மெக்மஹோனும் பேசிக்கொண்டதே ஒலிப்பதிவாக மிஞ்சியது. மேடையில் நடப்பதெல்லாம் மெய்யே என்ற தோற்றத்தை வெளியாரிடம் கட்டிக்காக்கும் தொழில் மரபுக்குக் ‘கேஃபேப்’ என்று பெயர். அதன் எஞ்சிய திரையையும் அந்த இரவு கிழித்தது.

டபிள்யூ.சி.டபிள்யூ. பெரும் ஊதியம் தந்தது. தகுந்த கதை எதையும் தரவில்லை. அங்கே அவர் வீணடிக்கப்பட்ட மாதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1999 மே 23 அன்று, பழைய நிறுவனத்திலேயே தங்கிவிட்ட ஓவன், கான்சஸ் நகரின் கெம்பர் அரங்கில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி மேடைக்கு வரும் காட்சிக்காகத் தொங்கவிடப்பட்டபோது, எளிதில் விடுபடும் கொக்கி உரிய நேரத்திற்கு முன்பே திறந்துகொள்ள, 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். உடலை அகற்றிய பின் நிகழ்ச்சி தொடர்ந்து நடத்தப்பட்டது என்பது இக்கலையின் வரலாற்றில் மன்னிக்க இயலாத பக்கம். அதே ஆண்டு அக்டோபரில், அதே அரங்கில், தம்பியின் நினைவாக பிரெட் கிறிஸ் பென்வாவுடன் மோதினார். வசைமொழியோ வேடிக்கையோ இல்லாமல், பிடிக்குப் பிடி என்று நேர்மையாக நடந்த அவ்வாட்டம் அவரது கடைசிப் பெரும் படைப்பு. 2007இல் பென்வா தம் மனைவியையும் மகனையும் கொன்று தாமும் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அதையும் கனத்த மனத்தோடுதான் பார்க்க முடிகிறது.

1999 டிசம்பர் 19 அன்று, அனுபவம் குறைந்தவரும் முரட்டு வலிமையால் புகழ்பெற்றவருமான கோல்ட்பெர்க் வீசிய உதை, அளவு தப்பி பிரெட்டின் தலையில் விழுந்தது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டது என்பதை உணராமலே அவர் மேலும் சில வாரங்கள் ஆடினார். அதனால் கேடு முற்றியது. 2000இல் ஆட்ட வாழ்வு முடிவுக்கு வந்தது. 2002 ஜூனில் கேல்கரியில் மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதைத் தொடர்ந்து பக்கவாதம் தாக்கி, இடப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. நாற்பத்தைந்தாவது வயதை எட்டும் தறுவாயில் அவர் மீண்டும் நடக்கக் கற்க வேண்டியதாயிற்று.

2006இல் பழைய நிறுவனம் அவரைத் தன் புகழ்மாடத்தில் சேர்த்தபோது, அறிமுக உரை ஆற்றியவர் ஸ்டீவ் ஆஸ்டின். 2010 ஜனவரி 4 அன்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த மேடையேறிய பிரெட், மைக்கேல்ஸுடன் கைகுலுக்கிக் கட்டித்தழுவினார். தொடர்ந்து மார்ச் மாதம் மெக்மஹோனுடன் நடந்த ஆட்டம் கலையளவில் பலவீனமானது. அடியையோ விழுகையையோ தாங்கக்கூடாத உடலோடு, அடிப்பதை மட்டுமே செய்த பிரெட்டிடம் பழைய கலையின் பாதியே வெளிப்பட முடிந்தது. எனினும் மாண்ட்ரியல் வஞ்சனையைச் செய்தவர்களோடு அவர் சமாதானமாகிவிட்டார். கோல்ட்பெர்க் கெட்ட எண்ணத்தோடு உதைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அந்த உதையைப் பற்றிப் பேட்டிகளில் கேட்கப்படும்போதெல்லாம், எதிராளியின் உடலைக் காக்கத் தெரியாதவரை நல்ல மல்யுத்த வீரர் என்று ஏற்க அவர் மறுத்தே வருகிறார்.