ஒன்பதாம் தரத்தோடு நின்றுவிடும் பிரெஞ்சு



ஒன்ராறியோவின் ஆங்கிலமொழிப் பாடசாலைகளில் 4ஆம் தரம் முதல் 8ஆம் தரம் வரை பிரெஞ்சு கட்டாய பாடமாகும். உயர்நிலைப் பள்ளியில் ஒரேயொரு பிரெஞ்சுப் பாடத்தில் தேறினால் போதுமானது. நம் பிள்ளைகளில் பலர் அதனை 9ஆம் தரத்தில் முடித்துவிட்டு அம்மொழிக்கு விடை கொடுத்துவிடுகின்றனர். "கணிதத்தைப் பார், விஞ்ஞானத்தைப் பார், பிரெஞ்சு எதற்கு?" என்று கேட்பவர்கள் பல வேளைகளில் பெற்றோரே. ஆறாண்டுகள் கற்ற மொழி, வாயில் வரத் தொடங்கும் தறுவாயில் கைவிடப்படுகிறது.

கூட்டரசின் பணிகள் பலவற்றுக்கு இருமொழித் தேர்ச்சி வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உத்தியோகம் வெகு தொலைவில் இருக்கிறது. அதைச் சொல்லி ஆர்வமூட்டுவது கடினம்.

கார்ட்னர், லம்பேர்ட் என்னும் உளவியலாளர் இருவர், மொன்றியலில் பிரெஞ்சு பயின்ற ஆங்கிலமொழி மாணவர்களைப் பற்றிய தம் ஆய்வை 1959இல் வெளியிட்டனர். பயன் கருதிப் படித்தவர்களைவிட, பிரெஞ்சு பேசும் மக்களோடு நெருங்கிப் பழக விரும்பியவர்களே மேலான தேர்ச்சி பெற்றிருந்தனர். இது எங்கும் ஒன்றுபோலப் பொருந்தவில்லை; பிலிப்பைன்சில் ஆங்கிலம் கற்றோரிடையே பயன்நோக்கும் நன்கு துணைசெய்தது என்று அவர்களே பின்னர் கண்டனர். ஆனால் கனடாவில் வாழும் நமக்கு முதல் முடிவே மிக நெருக்கமானது.

ஏனெனில் பிரெஞ்சு பேசும் மக்கள் நமக்கு அந்நியர் அல்லர். போர் நம் குடும்பங்களைச் சிதறடித்தபோது ஒரு சகோதரர் ரொறன்ரோவுக்கும் மற்றவர் பாரிசுக்கோ ஜெனீவாவுக்கோ மொன்றியலுக்கோ சென்றனர். லாச்சப்பல் கடைத்தெருவைத் தெரியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அங்கு வளரும் மச்சாளும் இங்கு வளரும் மச்சானும் கோடை விடுமுறையில் சந்தித்தால், அவளுக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது. இவனுக்குப் பிரெஞ்சு வரவில்லை. தமிழும் இருவருக்கும் அரைகுறை என்றால் சிரித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பதே மிச்சம். அடுத்த தலைமுறையில் அவர்கள் உறவினர்களாகவே இருக்கமாட்டார்கள்.

பிரெஞ்சு வந்தால் தமிழ் போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றே தமிழை உலக ஆய்வரங்குகளுக்குக் கொண்டுசென்றார். மூன்றாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970இல் கூடியதும் பாரிசில்தான். வீட்டில் தமிழ் பேசப்படாமற் போவதற்குப் பாடசாலைப் பிரெஞ்சின்மீது பழிபோடுவது நியாயமன்று.

"எமக்கே தெரியாத மொழியில் எப்படி உதவுவது?" என்பது அடுத்த கேள்வி. 1965இல் கியூபெக்கின் சென் லாம்பேர்ட்டில் பிரெஞ்சுவழி வகுப்பைத் தொடங்க வைத்தவர்கள் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள். அவர்கள் மொழியைக் கற்பிக்கவில்லை. கல்விச் சபையின் கதவைத் தட்டினார்கள். நம் பெற்றோர் பாரிசிலுள்ள உறவினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்து, பிள்ளைகளைப் பத்து நிமிடம் பேசவிடலாம். பிழையைத் திருத்த வேண்டியதில்லை. மச்சாள் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவாள்.

10ஆம் தரத்துக்கான பாடத்தெரிவுப் படிவம் குளிர்காலத்தில் வீட்டுக்கு வரும். அதில் கையெழுத்திடுமுன் அந்தத் தொலைபேசி அழைப்புகளில் நான்கைந்தாவது நடந்திருக்கட்டும்.