பாட்டன் வாழ்ந்த லயம்

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் என்று ஒன்று உண்டு. அது ஒரு மனிதரின் நினைவாக எழுப்பப்பெற்றது. தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் அந்த மேஜர், பதுளையில் அரசாங்க உதவி ஏஜண்டாகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்ற பேரும் அவருக்கு உண்டு. 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். அவர் இறந்த நாளும் இடமும் விதமும் இன்றுவரை ஐயமின்றித் தெரியும். அதே பதுளையில் 1817இல் மறைந்த சோபியா வில்சன் என்னும் மாதின் கல்லறையைப் போதிமரம் ஒன்று தன் வேர்களால் பற்றிக்கொண்டது; பெயர் மட்டும் மறையவில்லை. தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு முதல் சிறைவைக்கப்பட்ட போயர் கைதிகளுள் இறந்தோரது பெயர்களும் நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இலங்கைத் தீவிலுள்ள கல்லறை எழுத்துக்களையெல்லாம் தொகுத்து பென்றி லூயிஸ் என்பார் 1913இல் ஒரு நூலே வெளியிட்டார்.

ஆயின், அதே ஊவா மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டவர்களும், கோப்பி நோயுற்று அழிந்த பின் தேயிலை நட்டவர்களும் எங்கே வாழ்ந்து எங்கே மறைந்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்குக் கல் ஒன்றும் இல்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்த அம்மக்கள் தோட்டத்து மயானத்தில் அடக்கமாயினர். சில ஆண்டுகளில் மேடு தணிந்து புல் மூடிற்று. அவர்களுடைய பேரனும் பூட்டனும் இன்று பசறையிலும் கொழும்பிலும், கடல்கடந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். பாட்டனார் கடைசியாக எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தார் என்பது அவர்களுள் பலர் கேட்கும் கேள்வி.

இது வெறும் பாசத்தினால் எழும் கேள்வி அன்று. ஒரு காலத்தில் இதற்கு விடை கூறமுடியாதவர் நாட்டுரிமையையே இழந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவரும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவோ இத்தீவில் 1867இல்தான் சட்டமுறையாகத் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்த பூட்டனுக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? மறுவருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவராயின் ஏழு ஆண்டும், மணமாகாதவராயின் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கு வசித்தமையை நிரூபிக்குமாறு பணித்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் விண்ணப்பம் முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தவர் ஏறக்குறைய 134,000 பேரே. எழுதப் படிக்க வாய்ப்பளிக்காத ஒரு சமூகத்தினிடம் எழுத்துச் சான்று கேட்டது எவ்வளவு பொருத்தம் என்பதை நேயர்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

தேடப் புறப்படுபவரை முதலில் தடுத்து நிறுத்துவது தோட்டத்தின் பெயர். ஒரு தோட்டத்துக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் உண்டு. வெள்ளைக்காரத் துரை தன் ஊர்ப்பெயரையோ மனைவி பெயரையோ சூட்டியிருப்பான். கச்சேரிப் பதிவில் சிங்கள இடப்பெயர் இருக்கும். தொழிலாளர் வாயிலே இவ்விரண்டும் அல்லாத தமிழ்ப்பெயர் ஒன்று வழங்கும். பாட்டி சொல்லிச்சென்றது இந்த மூன்றாவது பெயரை. பதிவேட்டில் இருப்பதோ முதலாவது. 'புதுத்தோட்டம்' என்று பாட்டி சொன்னால், மலைநாட்டில் எத்தனை புதுத்தோட்டங்கள்! இந்த முடிச்சை அவிழ்க்கப் பெரிதும் உதவுவது பெர்குசன் நிறுவனத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து வெளியிட்ட இலங்கை விவரத் திரட்டு. தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை, ஏக்கர் அளவு ஆகியவற்றை அதில் ஆண்டுவாரியாகக் காணலாம். பாட்டி ஒரு துரையின் பெயரைச் சற்றுத் திரித்தேனும் நினைவில் வைத்திருந்தால், அவர் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதைக் கொண்டு தோட்டத்தைப் பிடித்துவிடலாம். 1893இல் ஹேர்பட் வைட் எழுதிய ஊவா மாகாணக் கைந்நூலையும் உடன் வைத்துப் பார்த்தல் நன்று. லிப்டன் 1890இல் வாங்கிய தம்பத்தென்னை போன்ற புகழ்பெற்ற தோட்டமாயின் இவ்வளவு சிரமம் இல்லை.

அடுத்தது இறப்புப் பதிவு. ஏறக்குறைய எந்த ஆண்டு என்று தெரிந்தால் இதைத் தேடிப் பெறலாம். ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இறந்த இடம் வேறு, வாழ்ந்த இடம் வேறு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் மலைநாட்டில் ஆஸ்பத்திரிகள் பல தோன்றின. கடும் நோயாளரைத் தூளி கட்டிச் சுமந்துசென்று அங்கே சேர்ப்பார்கள். ஆகவே பதிவில் பதுளை ஆஸ்பத்திரி என்றிருப்பதைக் கண்டு, பாட்டனார் பதுளைப் பட்டினத்திலே குடியிருந்தார் என்று எண்ணிவிடலாகாது.

வாழ்ந்த இடத்தைச் சொல்லவல்லது செக்ரோல். காலையிலே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளைக்கு அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை பதிந்த ஏடு அது. சம்பளம் கொடுப்பதற்கும் அரிசி கொடுப்பதற்கும் கடன் கழிப்பதற்கும் எழுதப்பட்டதேயன்றி, மனிதரை நினைவுகூர எழுதப்பட்டதன்று. ஆதலின் அதை வாசிக்கும் முறையும் வேறு. இராமசாமி என்பது பாட்டனார் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஏட்டில் ஆறேழு இராமசாமிகள் இருப்பர். ஆங்கில எழுத்தில் எழுதிய கிளார்க்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். இவர்களுள் நம்மவர் யார் என்று பிரித்தறிய உதவுவது கங்காணியின் பெயர். தொழிலாளர் பலர் கங்காணியின் கீழ்க் கூட்டமாக, ஊர்க்காரரும் உறவினருமாக வந்தவர்கள். கூட்டமாகவே லயத்திலும் குடியமர்ந்தார்கள். கங்காணியைக் கண்டுகொண்டால் லயத்தை நெருங்கியாயிற்று. பிறகு, இராமசாமியின் பெயர் எந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது என்று பார்க்கவேண்டும். இறப்புப் பதிவின் மாதமும் அதுவும் ஒத்திருந்தால் அவர் கடைசியாக இருந்த தோட்டம் அதுவே. ஒவ்வாவிட்டால் அவர் உயிரோடு வேறு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தேடலும் அங்கே போகவேண்டியதுதான்.

இப்படித் தோட்டம் மாறியவர்களைப் பின்தொடர 'துண்டு' ஒரு காலத்தில் வழிகாட்டிற்று. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைச் செலுத்துபவர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டம் கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நன்மையே, ஆயினும் எங்கேனும் ஒரு பெட்டியின் அடியில் தப்பிக் கிடக்கும் துண்டு, பாட்டன் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதை இன்றும் கூறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குக் கழுத்தில் அணியக் கொடுக்கப்பட்ட தகர வில்லையும் அத்தகையது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் அதில் அடிக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் விளையாடித் தொலைத்த வில்லைகள் எத்தனையோ!

செக்ரோல்களின் கதி வருந்தத்தக்கது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் பழைய ஏடுகள் கேட்பாரற்றுப் போயின. மலைநாட்டு ஈரமும் கறையானும் எஞ்சியவற்றை விடவில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி வந்தபின் வேலைசெய்தவர்களுக்கு அங்கத்துவ எண் உண்டு. அதற்கு முற்பட்டவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. 

ஏடு இல்லாத இடத்தில் கட்டடம் பேசும். ஆதி லயங்கள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமானவை, அவை மறைந்தன. பின்னர் வந்த கற்சுவர், தகரக் கூரை லயங்கள் நூறாண்டு தாண்டியும் நிற்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே ஒடுங்கிய திண்ணை, முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வரிசை. புகைவண்டி 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. பாட்டனார் ரயிலில் வந்து எந்த ஸ்டேஷனில் இறங்கினார், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்தார் என்று வீட்டிலே வழங்கும் கதையை இந்த ஆண்டுகளோடு ஒட்டிப்பார்த்தால், அவர் வந்த காலம் ஓரளவு விளங்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலிலே மணியையும் குத்துவிளக்கையும் திருப்பிப் பார்க்கவேண்டும். உபயம் இன்னார் என்று பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பதுண்டு. கங்காணியின் பெயர் அதிலே அகப்பட்டால் தேடல் பாதி முடிந்ததென்றே சொல்லலாம். கிறிஸ்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு. தோட்டத் தமிழரிடையே 1854இலேயே மிஷன் ஊழியம் தொடங்கிவிட்டது. 

கடல்கடந்து சென்றவர்களின் தேடல் எதிர்த்திசையில் நடைபெறுகிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வாறு பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறியவர்களுடைய பிள்ளைகள் நீலகிரியிலும் தேயிலையே கொய்தார்கள். பிரயாணக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் அவர்கள் வீடுகளிலே இன்னும் பத்திரமாக இருக்கக் காணலாம். அவற்றில் பிறந்த இடமாகவோ முகவரியாகவோ ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தால், ஊவாவில் இருப்பவர்கள் தேடியலையும் முதல் முடிச்சு அங்கே அவிழ்ந்தே இருக்கும். இருகரையாரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டால் பல குடும்பங்களின் வரலாறு ஒன்றுசேரும். அந்தப் பக்கம் பெயர் இருக்கிறது, இந்தப் பக்கம் இடம் இருக்கிறது.

இடமும் எந்நாளும் இருக்கும் என்பதற்கில்லை. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை வாரிச் சென்றது. அந்த மலை ஆபத்தானது என்று நிபுணர் முன்னரே எச்சரித்திருந்தனர். காணாமற்போனவர் நூற்றுக்கணக்கினர் என்று அன்று செய்தி பரவிற்று. பின்னர் அத்தொகை பன்மடங்கு குறைந்தது. வேலைக்குச் சென்றிருந்தவர் யார், பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் யார், காம்பராவிலேயே இருந்தவர் யார் என்று, தப்பியவர்களிடம் பேர் பேராகக் கேட்டு எழுதவேண்டியிருந்தது.