முதியோருக்கோர் இல்லம்



பிள்ளைகள் கடல் கடந்து வாழ, கொழும்பிலே தனித்திருக்கும் பெற்றோருக்கு முதியோர் இல்லம் தேடும் பொறுப்பு இன்று நம்மிற் பலருக்கு வந்துள்ளது. கட்டடத்தின் அழகைக் கண்டு நாம் மயங்கலாகாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றதா? இரவில் தாதி உண்டா? வைத்தியசாலையும் கோவிலும் அண்மையிலா? அங்கே தமிழ் பேசுவோர் உளரா? விலகினால் முற்பணம் திரும்புமா? பண விடயத்தை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

நிற்க, அங்கே வாழப்போகிறவரைக் கேட்டோமா? 60 வயதானவரை அச்சட்டம் முதியோர் என்கிறது, அறியாதார் என்னவில்லை. சில நாள் தங்கிப் பார்த்து அவரே இசையட்டும். பிள்ளை தூரத்திலிருப்பின், வாரந்தோறும் சென்று காண்பது இளைஞராகிய நம் கடன்.