பழைய கணினியில் தமிழ்: அமைத்தலும் காத்தலும்



பத்து காஜா என்னும் ஊர்ப்பெயரில் 'பத்து' என்பது கல். 'காஜா' என்பது யானை. யானைக்கல் எனப் பொருள்படும் இவ்வூருக்கு அருகில், வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றுபோன மாளிகை ஒன்று உள்ளதை அறிவீர்கள். அதன் அண்மையில் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரைமேல், தெய்வ உருவங்களுக்கு இடையே மேல்நாட்டு உடை தரித்த ஒருவரின் உருவமும் நிற்கிறது. அது ஸ்மித்தின் உருவமே என்பர். அந்த உருவத்தைக் காண நமக்குக் கண் இருந்தால் போதும். வேறு கருவி வேண்டியதில்லை.

இனி மற்றொன்றை எண்ணிப் பாருங்கள். 1998ஆம் ஆண்டில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டு, ஒரு நெகிழ்வட்டில் சேமிக்கப்பட்டது எனக் கொள்வோம். அச்சிட்ட படிகள் கறையானுக்கும் மழைக்கும் இரையாகிவிட்டன. வட்டு மட்டும் எஞ்சியுள்ளது. அதை இன்றைய கணினியில் திறந்தால், திரையில் தமிழ் தோன்றுவதில்லை. பொருளற்ற குறிகள் தோன்றுகின்றன. கூரையிலுள்ள சுதை உருவத்தை இன்றும் காண முடிகிறது. நம் காலத்திலேயே எழுதப்பட்ட தமிழைப் படிக்க முடியவில்லை. இந்நிலை ஏன் ஏற்பட்டது, பழைய கணினியைத் தமிழுக்கு ஏற்ப அமைக்கும் அறிவு இதற்கு எவ்வாறு துணை செய்யும் என்பவையே இன்றைய உரையின் பொருளாகும்.

எண்ணும் எழுத்தும்

கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகிய இயங்குதளங்கள் நம்மிடையே பரவிய காலத்தில், ஓர் எழுத்துருவில் பொதுவாக 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் இருந்தன. தமிழுக்கென அந்த இயங்குதளங்களில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆகவே தமிழர்கள் ஒரு வழி கண்டனர். ஏதேனும் ஓர் எண்ணுக்கு உரிய வடிவத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து எழுத்துரு செய்தனர். தமிழ் எழுத்துகள் 247 ஆயினும், கொம்பு, கால், ஐகாரக் குறி போன்ற துணை வடிவங்களைத் தனித்தனியே வைத்தால் குறைந்த இடங்களுக்குள் தமிழை அடக்கிவிடலாம். கணினியின் நினைவில் இருப்பது பழைய எண்ணே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் தருகிறது. எழுத்துருவை அகற்றினால் தமிழும் அகன்றுவிடும். ககரத்திற்கு ஒருவர் ஓர் எண்ணைத் தந்தார். மற்றொருவர் வேறோர் எண்ணைத் தந்தார். ஒரே ஊரின் இரண்டு பள்ளிகள் இரண்டு எழுத்துருக்களைப் பயன்படுத்தினால், ஒன்றின் கோப்பை மற்றொன்று படிக்க இயலாத நிலை இருந்தது.

இதைச் சீர்செய்ய உலகத் தமிழர் எடுத்த முயற்சியில் நம் நாட்டிற்குச் சிறப்பான பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் இடம்பெற்றது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணையம் குறித்த முதல் மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாக, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே விவாதித்து, ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அமையும் திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 2001ஆம் ஆண்டு மாநாடு நம் தலைநகர் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

திஸ்கியில் நேர்ந்த ஓர் இடர்ப்பாடு மாணவர்கள் அறியத்தக்கது. 173ஆம் எண் இகரத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. சில மென்பொருள்களோ அந்த எண்ணை வரி முடிவில் மட்டும் தோன்றும் மறை இணைகோடாகக் கருதின. அதனால் 'இலக்கியம்' என்னும் சொல் முதலெழுத்தை இழந்து நின்றது. பின்னர் இகரத்திற்கு வேறோர் இடம் தர வேண்டியதாயிற்று. இயங்குதளத்தின் இயல்பை அறியாமல் தமிழை அதில் அமர்த்த முடியாது என்பதற்கு இது சான்று.

விண்டோஸ் 98இல் தமிழ்

அக்காலக் கணினியைத் தமிழுக்கு அமைத்த முறை எளியது. எழுத்துருக் கோப்புகளை அதற்குரிய உறையில் இட வேண்டும். அடுத்து விசைப்பலகை மென்பொருளை நிறுவ வேண்டும். அது திரையின் அடியில், கடிகாரத்தின் அருகே சிறு படமாக அமர்ந்திருக்கும். வேண்டும்போது தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாற்றிக்கொள்ளலாம். தட்டச்சுப் பொறியில் பழகியவர் பழைய தட்டச்சு முறையையும், ஆங்கில ஒலிவழி எழுதியவர் அஞ்சல் முறையையும், புதிதாகக் கற்றவர் தமிழ்99 முறையையும் தேர்ந்துகொண்டனர்.

இன்னும் ஒரு படி மேலே செல்லவும் வழியிருந்தது. திரைத் தோற்ற அமைப்பில், படங்களின் பெயருக்கும் பட்டியலுக்கும் உரிய எழுத்துருவை மாற்ற முடியும். அங்கே ஓர் இருமொழித் திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், கோப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதிப் படிக்கலாம். ஆங்கிலம் முதற்பாதியிலேயே இருப்பதால் அதுவும் கெடுவதில்லை. தமிழை அறியாத ஓர் இயங்குதளத்தில் தமிழ்ப் பெயருடைய உறைகள் அடுக்கி வைக்கப்பட்டமை இவ்வாறுதான்.

விண்டோஸ் எக்ஸ்பியில் நிகழ்ந்த மாற்றம்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. தமிழும் அதில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே, லதா என்னும் எழுத்துருவுடன், அந்த இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ் இயங்கத் தொடங்கியது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது. ஆனால் அதை நாமே எழுப்ப வேண்டியிருந்தது.

கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டாரம், மொழி ஆகியவற்றுக்கான பகுதியைத் திறந்து, மொழிகள் என்னும் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவுக என்னும் வரியின் எதிரே குறியிட வேண்டும். அப்போது கணினி எக்ஸ்பி வட்டைக் கேட்கும். கோப்புகள் நிறுவப்பட்டுக் கணினி மீண்டும் தொடங்கியபின், உள்ளீட்டு மொழிகளில் தமிழைச் சேர்க்க வேண்டும். இக்குறியை இடாத கணினியில் கொம்பும் எழுத்தும் இடம் மாறிச் சிதறித் தோன்றும். எக்ஸ்பியுடன் வந்த தமிழ் விசைப்பலகை இந்திய மொழிகளுக்குப் பொதுவான அமைப்பு. ஆகவே தமிழ்99 பயின்றோர் அதற்கெனத் தனி மென்பொருளையும் நிறுவிக்கொண்டனர்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை 'கொடை' என்னும் சொல்லால் விளக்கலாம். பழைய முறையில் இது கண் காணும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: கொம்பு, ககரம், கால், ஐகாரக் குறி, டகரம் என ஐந்து எண்கள். ஒருங்குறியில் ககரம், ஒகரக் குறி, டகரம், ஐகாரக் குறி என நான்கு எண்கள். முன்னது வடிவத்தின் வரிசை. பின்னது ஒலியின் வரிசை. பழைய முறையில் அகரவரிசைப்படுத்தினால் கொடை, பெயர், வெற்றி ஆகிய மூன்றும் கொம்பில் தொடங்குவதால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒருங்குறியில் ஒவ்வொன்றும் தனக்குரிய முதலெழுத்தின்கீழ் நிற்கும்.

பழைய கணினியை மீண்டும் எழுப்புதல்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்தன. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தன. தோட்ட மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிகள் சிலவும் உடன் பெயர்ந்தன. தோட்டம் மறைந்த பின்னும் 'லாடாங்' என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகளை நாம் காண்கிறோம். அப்பள்ளிகளின் ஆண்டு மலர், ஆசிரியர் பட்டியல், கோயில் திருவிழா வரவுசெலவு, பழைய மாணவர்களின் நினைவுக் கட்டுரை ஆகியவற்றுள் ஒரு பகுதி, யாரோ ஒருவரின் அலமாரியில் உள்ள பழைய கணினியில் இருக்கக்கூடும். அக்கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன் நாம் செய்யத்தக்கவை சில.

முதலாவது, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவவோ வன்தட்டைத் துடைக்கவோ கூடாது. வன்தட்டை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் இணைத்து, முழுவதையும் படியெடுக்க வேண்டும். ஆவணங்களை மட்டுமன்றி எழுத்துரு உறையையும் படியெடுப்பது இன்றியமையாதது. எழுத்துரு இல்லாத கோப்பு சாவியற்ற பூட்டு.

இரண்டாவது, நாளைச் சரிபார்க்க வேண்டும். கணினியினுள் காசு வடிவில் ஒரு மின்கலம் உண்டு. அது தீர்ந்திருந்தால் கணினி நாளை மறந்து பழையதோர் ஆண்டைக் காட்டும். அந்நிலையில் ஒரு கோப்பைத் திறந்து மீண்டும் சேமித்தால், உண்மையான நாள் அழிந்து பொய்யான நாள் பதிந்துவிடும். ஆகவே மூலக் கோப்பில் சேமிக்காமல் படியிலேயே வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, அக்கணினியை இணையத்தில் இணைக்கலாகாது. விண்டோஸ் 98க்கான பாதுகாப்பு உதவி 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கான உதவி 2014 ஏப்ரலிலும் நின்றுவிட்டன. உரிய வட்டும் உரிம எண்ணும் இருந்தால், புதிய கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து அதில் பழைய இயங்குதளத்தை இயக்குவது பாதுகாப்பான வழி.

நான்காவது, படிக்க முடிந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். எழுத்துருவின் குறியேற்றம் எதுவெனத் தெரிந்துவிட்டால், அதற்குரிய மாற்றி மென்பொருள் நொடியில் மாற்றித் தரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. ஆகவே இது நடந்தேறிய செயலே.

மொழியறிவே காவல்

ஆயினும் மென்பொருளிடம் முழுவதையும் ஒப்படைக்க இயலாது. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. அக்காலத்தில் 'கௌரவம்' எனத் தட்டச்சு செய்ய வேண்டியோர் பலர் கொம்பு, ககரம், ளகரம் எனத் தட்டினர். திரையிலும் தாளிலும் பிழை தெரியவில்லை. மாற்றும்போதோ அது 'கெளரவம்' ஆகிவிடுகிறது. இதைத் திருத்த எண்ணிக் கொம்பும் ளகரமும் சேருமிடமெல்லாம் ஔகாரமாக்குமாறு மென்பொருளைப் பணித்தால், 'தெளிவு' என்னும் நல்ல சொல் சிதைந்துபோகும். எது ஔகாரம், எது ளகரம் என்பதைச் சொல்லறிந்தவரே கூற முடியும். இது தமிழாசிரியரின் பணி.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் வீட்டிலும் உறவினர் வீட்டிலும், பள்ளி மலரையோ கோயில் மலரையோ கணினியில் தட்டச்சு செய்த அத்தையோ மாமாவோ இருக்கக்கூடும். அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த மென்பொருளில் எழுதினீர்கள்? எந்த எழுத்துரு? வட்டு எங்கே இருக்கிறது? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுத்துருவின் பெயரைக் கோப்பு சொல்லாமல் போகலாம். தட்டச்சு செய்தவரின் நினைவு சொல்லும். அந்நினைவு நெடுநாள் காத்திருக்காது.

பழைய இயங்குதளத்தை அமைக்கக் கற்பது காலத்திற்கு ஒவ்வாத பொழுதுபோக்கு எனச் சிலர் கருதலாம். அன்று, கல்வெட்டைப் படிப்பதற்கு வட்டெழுத்தைக் கற்பதைப் போன்றது அது. வட்டெழுத்தில் எழுதியோர் நமக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவர்கள்; அவர்களைக் கேட்டறிய வழியில்லை. விண்டோஸ் 98இல் எழுதியோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோம்.