விடுதலைக்குப் பின்



சிலப்பதிகாரத்திலே பாண்டியன் தீர விசாரியாது கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தது. தவறு உணர்ந்த மன்னன் உயிர் நீத்தான். கிழக்கிலங்கையில் வைகாசி தோறும் குளிர்த்திச் சடங்கு நடத்தி அவள் கோபத்தை இன்றும் ஆற்றுகிறோம். ஆனால், கோவலன் உயிரோடு வீடு திரும்பியிருந்தால்? காப்பியத்தில் அதற்கு இடமில்லை. வாழ்க்கையில் அப்படித் திரும்பியவர்கள் உண்டு.

மகாதேவ சதாசிவத்தை மூத்த நேயர்கள் அறிவார்கள். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய தமிழர். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டில் அவருடைய மனைவி கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் கைதானார். வீட்டு வேலையாள் நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித் மரண நேரம் பற்றிக் கூறிய கருத்து எதிரி தரப்புக்குப் பெருந்துணையாயிற்று. 57 நாள் விசாரணையின் பின், 1953 ஜூன் 25இல் யூரிமார் ஏகமனதாகச் சுற்றவாளி என்றனர்.

பின்னர் அவர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார், 1977இல் காலமானார். எனினும் அவருடைய துடுப்பாட்டத்தைப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வழக்கிலேயே வந்து முடிக்கிறார்கள்.

தண்டனையே பெறாதவர் நிலை இது. தண்டிக்கப்பட்டு மீண்டவர் பாடு இன்னும் கடினம். எங்கள் துறைமுகப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். கொலை வழக்கில் தண்டனை, மேன்முறையீட்டில் விடுதலை. இப்போது மீன்வாடியில் வலை திருத்துகிறார். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், "தகப்பன் மறியலிலே இருந்தவராமே?" என்று கேட்டார்கள். மனைவி தீர்ப்பின் பிரதியை எடுத்து நீட்டினார். "நெருப்பில்லாமல் புகையுமோ?" என்று சொல்லி, அதைத் தொடாமலே எழுந்து போனார்கள். கண்ணகியின் சிலம்பையாவது அரசவை பார்த்தது.

தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வேண்டும் என்கிறது, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை. இலங்கை அதில் 1980இல் இணைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம், 2009இல் தானே மரண தண்டனைக்குரியவர்கள் என்று தீர்த்த நாடோடிக் குலத்தவர் அறுவரை 2019இல் விடுவித்து, தலா 5 இலட்சம் ரூபா வழங்கப் பணித்தது. 16 ஆண்டுகளுக்கு அது ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் வேண்டும்.

ஜப்பானிய முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹகமடாவுக்கு 1968இல் மரண தண்டனை. தமக்கை ஹிதேகோ ஓயாது போராடினார். 2014இல் வெளியே வந்தபோது, நெடுநாள் தனிச்சிறை அவருடைய மனத்தைக் குலைத்திருந்தது. 2024 செப்டெம்பரில், 88ஆவது வயதில், சுற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அடுத்த மாதம் ஷிசுவோகா பொலிஸ் தலைவர் நேரில் வந்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பாண்டியன் உயிரை விட்டான். இவர் தலை குனிந்தார். உயிரோடு மீண்டவருக்குப் பின்னதே குளிர்த்தி.

அத்தகைய குளிர்த்தியை எங்கள் ஊரில் நான் இன்னும் காணவில்லை. அரசு வரும்வரை அயலவர் காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தாய் நீட்டும் தீர்ப்பை அடுத்து வருபவராவது கையில் வாங்கி, கடைசி வரி வரை வாசிக்கட்டும்.